மொறிஸ் மைனர் 1000: சோக் கம்பி புகைகிறது, இரவில் சார்ஜ் லைற் அணைவதில்லை

கோண்டாவில்காரன் (யாழ்ப்பாணம்), ஞாயிறு இரவு

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 948 சிசி இயந்திரம், நான்கு கதவு, பக்கத் தூணிலிருந்து எழும்பும் சிக்னல் கைகள் எல்லாம் வந்தபடியே இருக்கின்றன. அப்பா இருபது வருடங்களுக்கு மேல் இதை வாடகைக்கு ஓடினார். எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போனதும் இதில்தான், பிள்ளை பெற ஆஸ்பத்திரிக்குப் போனதும் இதில்தான். அவர் காலமான பிறகு மூன்று வருடம் கொட்டிலில் நின்றது. ஒன்றரை வருடத்துக்கு முன் மீண்டும் ஓட வைத்தேன்.

இயந்திரத்தில் குறை இல்லை. வயரிங்தான் அலைக்கழிக்கிறது. இரவில் பெரிய லைற் போட்டால் சார்ஜ் லைற் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது, எவ்வளவு வேகமாக ஓடினாலும் அணைவதில்லை. மூன்று நாள் ஓடினால் பற்றரி இறங்கிவிடுகிறது. இதுவரை இரண்டு பற்றரி மாற்றிவிட்டேன். சிக்னல் கை பாதிதான் எழும்புகிறது. எனக்குப் பயம் தருவது வேறொன்று. ஸ்ராட்டர் இழுக்கும்போது சோக் குமிழ் சுடுகிறது. வெள்ளிக்கிழமை காலை அதன் உறையிலிருந்து புகையே வந்தது.

ஒரு கராஜில் காட்டினேன். வயர் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, பற்றரிக்குச் சார்ஜ் தரும் பழைய டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பூட்ட வேண்டும் என்றார்கள். சொன்ன விலையை விட, பிடுங்கி எறி என்ற சொல்தான் என்னைத் தூங்க விடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

சிங்காநல்லூர் வயர்மேன் (கோயம்புத்தூர்), ஞாயிறு இரவு

தம்பி, முதலில் பேட்டரி வயரைக் கழற்றி வையுங்கள். எர்த் பக்கத்தை, அதாவது வண்டியின் உடலோடு சேரும் வயரை, முதலில் கழற்ற வேண்டும். உங்கள் வண்டியில் எர்த் என்பது பிளஸ். அதைச் செய்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சோக் கம்பி சுடுவதற்குக் காரணம் சோக் அல்ல. இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியே மின்சாரம் போகாது. அதனால்தான் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து வண்டியின் அடித்தகட்டுக்குச் செம்புப் பின்னல் பட்டை ஒன்று போட்டிருப்பார்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையும் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். பட்டை அறுந்துவிட்டால் மின்சாரம் சும்மா இருக்காது, இன்ஜினையும் தகட்டையும் தொடுகிற வேறு உலோகத்தைத் தேடும். சோக் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பி, ஸ்பீடோமீட்டர் கேபிள், இவைதான் அகப்படும். மெல்லிய இரும்புக் கம்பியில் அவ்வளவு ஆம்பியர் ஓடினால் புகையாமல் என்ன செய்யும்?

நாற்பது வருடத்தில் இதை அம்பாசடரில், டிராக்டரில், லாரியில் என்று பலமுறை பார்த்திருக்கிறேன். கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸை இறக்குவார்கள், பட்டையைக் கழற்றுவார்கள், ஏற்றும்போது மறந்துவிடுவார்கள்.

கண்ணால் பார்ப்பதற்கு முன் மீட்டரால் பாருங்கள். காயிலின் மெல்லிய வயர் ஒன்றைக் கழற்றிவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, சுற்ற மட்டும் செய்யும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் தூணில் வையுங்கள். கிளிப்பில் வேண்டாம், ஈயத் தூணிலேயே வைக்க வேண்டும். மறுமுனை இன்ஜின் பிளாக்கில் துரு இல்லாத ஒரு போல்ட்டில். வீட்டில் யாரையாவது மூன்று விநாடி மட்டும் செல்ஃப் இழுக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் நான் சொன்னது தவறு.

மயிலை மைனர் (சென்னை), திங்கள் காலை

வயர்மேன் ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த கராஜ் சொன்னதில் பாதி சரி என்பது என் கருத்து. என் 1956 மைனரை நான்கு வருடத்துக்கு முன் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, ஆல்டர்னேட்டர் போட்டேன். அதன் பிறகு ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் சுற்றினால் 22 ஆம்பியர். ஐட்லிங்கில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ராதாகிருஷ்ணன் சாலையில் மாலை ஆறு மணிக்கு விளக்கும் வைப்பரும் போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் ஊர்ந்தால், அந்த நாற்பது நிமிடமும் பேட்டரிதான் தாங்க வேண்டும். இந்த வண்டியை வடிவமைத்த காலத்தில் இப்படி ஒரு நெரிசல் கிடையாது.

நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவதும் பெரிய வேலை இல்லை. பேட்டரியைத் திருப்ப வேண்டும், காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவை வைத்துக்கொள்வதானால் அதற்குப் புதிய திசையைக் கற்றுத்தர வேண்டும். டைனமோவின் எஃப் (ஃபீல்டு) முனையின் வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் அல்லாத தூணிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஓரிரு முறை தொட்டு எடுத்தால் போதும். உள்ளே இரும்பில் தங்கியிருக்கும் காந்தத்தின் திசை மாறிவிடும்.

சிங்காநல்லூர் வயர்மேன், திங்கள் காலை

மயிலை சொன்ன முறை சரியானது. நெரிசல் பற்றிச் சொன்னதும் நியாயம். ஆனால் கோண்டாவிலில் அந்த நெரிசல் இருக்கிறதா என்று தம்பிதான் சொல்ல வேண்டும்.

எனக்கு உறுத்துவது வரிசைதான். எர்த் பட்டை இல்லாத வண்டியில் ஆல்டர்னேட்டர் போட்டால் அதன் மின்சாரமும் சோக் கம்பி வழியாகத்தானே திரும்பும்? ஆல்டர்னேட்டர் 35, 40 ஆம்பியர் தரக்கூடியது. 22 ஆம்பியருக்காகப் போட்ட பழைய வயரில் அதைத் தள்ளினால் சூடு எங்கே போகும்? பழுது எங்கே என்று தெரியாமல் பாகத்தை மாற்றினால் பழுதும் புதிய பாகத்தோடு சேர்ந்து உட்கார்ந்துகொள்ளும். கண்டுபிடித்த பிறகு மாற்றுவது உரிமையாளர் விருப்பம்.

கோண்டாவில்காரன், திங்கள் இரவு

ஐயா, பார்த்தேன். மகள் ஸ்ராட்டரை இழுத்தாள், மீற்றர் 3.4 வோல்ட் காட்டியது. பிறகு ஜம்ப் கேபிள் ஒன்றை எடுத்து இயந்திரத்திலிருந்து அடித்தகட்டுக்குப் பிடித்துவிட்டு மீண்டும் இழுக்கச் சொன்னேன். 0.2 வோல்ட். ஸ்ராட்டர் சுற்றிய சத்தமே வேறு. இந்தக் கார் இப்படிச் சுற்றி நான் சிறுவயதில்தான் கேட்டிருக்கிறேன்.

கீழே படுத்துப் பார்த்தேன். பட்டை இருந்த போல்ட்டில் பச்சைப் பாசி பிடித்த செம்புத் துண்டு இரண்டு விரல் நீளத்துக்குத் தொங்குகிறது. மற்ற முனையைக் காணவில்லை. நாளைக்கே புதிய பட்டை போடுகிறேன்.

சார்ஜ் லைற்றுக்கும் இதுதான் காரணமா?

சிங்காநல்லூர் வயர்மேன், திங்கள் இரவு

3.4 வோல்ட் என்றால் பேட்டரியின் பலத்தில் கால் பங்குக்கு மேல் அந்த ஒரு இடத்திலேயே தொலைந்திருக்கிறது. டைனமோவின் உடலும் இன்ஜினில்தான் எர்த் ஆகிறது என்பதால் சார்ஜும் அடிபட்டிருக்கும். பட்டை போடும்போது இரண்டு முனையிலும் பெயின்டையும் துருவையும் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரிந்த பிறகு முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள்.

மங்கலான சார்ஜ் லைட் தனிக் கதை. அந்த பல்பின் ஒரு பக்கம் சாவியிலிருந்து வருகிறது, மறுபக்கம் டைனமோவின் மின்சாரம் வெளிவரும் டி முனையிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் இருந்தால் பல்பு அணையும். மங்கலாக எரிகிறது என்றால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு வோல்ட் போல விழுகிறது. பெரிய விளக்குப் போடும்போது மட்டும் எரிவதால், அதிக ஆம்பியர் ஓடும் பாதையில்தான் அந்த அழுக்கு இருக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் கட்-அவுட், அதாவது டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பேட்டரியோடு சேர்க்கும் பெட்டி. உங்கள் வண்டியில் ஆர்பி106 வகை இருக்க வேண்டும். கறுப்பு மூடி, கீழே ஏ, ஏ1, எஃப், டி, ஈ என்று ஐந்து முனைகள். அம்பாசடரிலும் இதே குடும்பம்தான் நெடுங்காலம் இருந்தது. சென்னை பாடியில் 1961இல் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கிய பிறகு இந்தச் சாமான்கள் எங்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டன. பெரிய விளக்கைப் போட்டு, இன்ஜினை ஓரளவு வேகத்தில் வைத்து, டி முனைக்கும் ஏ1 முனைக்கும் நடுவில் மீட்டரைப் பிடியுங்கள்.

மூடிக்குள் இருக்கும் திருகை மட்டும் தொடாதீர்கள். சார்ஜ் இல்லை என்றதும் எல்லாரும் முதலில் திருகுவது அதைத்தான்.

ஈப்போ தேவி (மலேசியா), செவ்வாய் காலை

வணக்கம் அண்ணே, ஐயா. தாத்தாவின் மைனரை நான் ஓட்டுகிறேன். என்னுடையது 1964, 1098 சிசி. இங்கேயும் டைனமோதான், மாற்றவில்லை.

டைனமோ போதுமா போதாதா என்று சண்டை போடுவதற்கு முன் ஒரு தாளில் கூட்டிப் பார்ப்பது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். பெரிய விளக்கு 42 வாட் இரண்டு, ஏழு ஆம்பியர். முன்பின் சிறு விளக்குகளும் நம்பர் பிளேட் விளக்கும் சேர்ந்து இரண்டரை. காயில் மூன்றரை. பெட்ரோல் பம்ப் ஒன்று. மழையில் வைப்பர் இரண்டரை. மொத்தம் பதினாறரை. 22இல் இது போக ஐந்தரை ஆம்பியர் பேட்டரிக்கு மிஞ்சுகிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை போதும். 60 வாட் ஹாலஜன் மாட்டினால் இன்னும் மூன்று ஆம்பியர் கூடும், மிச்சம் பாதியாகிவிடும்.

என் அனுபவத்தில் விளக்கு மங்கலாக இருப்பதற்குப் பல்பு காரணம் இல்லை. என் வண்டியில் பேட்டரி 12.8 இருந்தபோது ஹெட்லைட் சாக்கெட்டில் 10.6தான் வந்தது. சுவிட்ச், டிப்பர், பழைய புல்லட் கனெக்டர் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தின்றுவிட்டது. ரிலே இரண்டு போட்டு, பேட்டரியிலிருந்து நேராகப் பியூஸோடு வயர் இழுத்தேன். அதே பழைய 42 வாட் பல்பு, தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறும் வளைவுகளில் இப்போது சாலையோரப் புல் தெரிகிறது. பியூஸ் முக்கியம். இந்த வண்டியில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், ஹெட்லைட் எதிலும் சேராது.

பாசிட்டிவ் எர்த்தில் எல்இடி வாங்கினால் அதற்கென்று சொல்லி வாங்குங்கள். சாதாரண எல்இடி எரியாது.

மயிலை மைனர், செவ்வாய் காலை

தேவி, கணக்கு அருமை. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை என்று நீங்கள் போட்ட நிபந்தனையில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நண்பர் எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்று தெரிந்தால் நல்லது.

கோண்டாவில்காரன், செவ்வாய் இரவு

மயிலை அண்ணா, பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் தினம் ஓடுகிறேன். கிழமைக்கு ஒருமுறை பருத்தித்துறை போய் இரவு திரும்புவேன். நெரிசல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் டைனமோவையே வைத்திருக்க ஆசை.

டி முனைக்கும் ஏ1 முனைக்கும் நடுவில் 1.2 வோல்ட். டைனமோவும் ஒழுங்காக இல்லை என்று நினைக்கிறேன். இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டும்போது மீற்றர் முள் துள்ளுகிறது.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். வயர்களைப் பார்ப்பதற்காக டாஷ்போர்ட்டின் பின்பக்கத்தைத் திறந்தேன். படங்களில் இருக்கும் நிறங்கள் எதுவும் இல்லை. எல்லாமே சிவப்பு, அல்லது கறுப்பு. வீட்டுக்கு இழுக்கும் வயர்.

1990க்குப் பிறகு, போர் நடந்த காலத்தில், இங்கே மின்சாரம் இருக்கவில்லை. பெற்றோலும் பற்றரியும் தடை செய்த பொருட்கள். கார்களைக் கொஞ்சம் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். பழைய துணி வயர் உதிர்ந்துபோனபோது, அப்பா வீட்டுச் சுவரில் சும்மா கிடந்த வயரை உருவி இந்தக் காருக்குப் போட்டிருக்கிறார். கரண்ட் வராத வீட்டில் வயர் எதற்கு என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஒவ்வொரு வயரின் இரண்டு நுனியிலும் வெள்ளை நூல் கட்டியிருக்கிறது. சிலவற்றில் ஒரு முடிச்சு, சிலவற்றில் மூன்று, நான்கு. நிறம் இல்லாததால் முடிச்சை எண்ணி அடையாளம் வைத்திருக்கிறார். எந்த முடிச்சு எதற்கு என்று எழுதிய தாள் எதுவும் கிடைக்கவில்லை.

சிங்காநல்லூர் வயர்மேன், புதன் அதிகாலை

தம்பி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த வயரின் ஒரு நுனியை வெட்டி, உள்ளே எத்தனை இழை என்று எண்ணிச் சொல்லுங்கள். தடிமன் அளக்க முடிந்தால் அதையும்.

கோண்டாவில்காரன், புதன் மாலை

பெரும்பாலானவற்றில் மூன்று இழை. பற்றரியிலிருந்து கட்-அவுட்டுக்கும், அங்கிருந்து லைற் ஆளிக்கும் போகிற வயரில் மட்டும் ஏழு இழை. ஒவ்வொரு இழையும் முக்கால் மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

சிங்காநல்லூர் வயர்மேன், புதன் இரவு

நான் நினைத்ததுதான். அது பழைய அங்குல அளவு வயர், இழை ஒன்று 0.029 அங்குலம். மூன்று இழை சேர்ந்தால் செம்பின் பரப்பு 1.28 சதுர மில்லிமீட்டர். லூகாஸ் சிறு விளக்குகளுக்குப் போடுவது 14 இழை வயர், ஏறக்குறைய ஒரு சதுர மில்லிமீட்டர். ஏழு இழை சேர்ந்தால் மூன்று சதுர மில்லிமீட்டர். இன்றைக்கு டைனமோவின் முக்கிய வயருக்கு நாங்கள் போடுகிற 44 இழை வயரும் அதே மூன்றுதான்.

உங்கள் அப்பா கைக்குக் கிடைத்ததை எடுத்து எங்கேயும் போட்டுவிடவில்லை. எந்த இடத்தில் எவ்வளவு ஆம்பியர் ஓடும் என்று தெரிந்து, அதற்கு ஏற்ற வயரைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். முப்பது வருடம் ஒன்றும் எரியாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். என்னிடம் வேலை பழகிய பையன்களில் பலருக்கு இந்தத் தெளிவு இருந்ததில்லை.

ஆனால் அந்த வயரை இனி வைத்திருக்கக் கூடாது. செம்பு போதுமானதுதான், இழைதான் தடிப்பு. வீட்டுச் சுவர் ஆடாது, வண்டி ஆடும். தடித்த இழை ஆட்டத்தில் முனைக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக முறியும். மூன்றில் இரண்டு முறிந்தால் மீதி ஒன்று சூடாகும். வெளியே உறை நன்றாகத்தான் தெரியும். மென்மையான பல இழை வண்டி வயராக மாற்றுங்கள். ஒரே நாளில் அத்தனையையும் பிடுங்க வேண்டாம். ஒரு வயரைக் கழற்றினால் அதே இடத்தில் புதியதைப் போட்டு, அந்த வேலை நடக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நிறம் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து நேராக வருவது பிரவுன். சாவி போட்டபின் வருவது வெள்ளை, அது பியூஸைத் தாண்டினால் பச்சை. சாவி இல்லாமலே பியூஸ் வழியாக வருவது ஊதா, ஹார்ன் அதில்தான். சிறு விளக்கு சிவப்பு, பெரிய விளக்கு நீலம், எர்த் கறுப்பு. டைனமோவின் டி முனைக்கு மஞ்சள், எஃப் முனைக்கு மஞ்சளில் பச்சைக் கோடு.

இப்போது கட்-அவுட். பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்தால் இரண்டு சுருள் இருக்கும், ஒன்று ரெகுலேட்டர், மற்றது கட்-அவுட். 1.2 வோல்ட் விழுவது கட்-அவுட்டின் பாயின்ட்டில். மெல்லிய கண்ணாடித் தாளை நாடாபோல் வெட்டி, பாயின்ட்டுக்கு நடுவில் விட்டு, மேலே லேசாக அழுத்திக்கொண்டு இழுங்கள். எமரித் தாள் அங்கே கூடாது, அதன் துகள் மென்மையான உலோகத்தில் புதைந்துவிடும். பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள்.

முள் துள்ளுவதற்குக் காரணம் டைனமோவின் கார்பன், அதாவது உள்ளே சுழலும் ஆர்மேச்சரைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கட்டை. அதற்கு ஒரு சோதனை. டி, எஃப் வயர் இரண்டையும் டைனமோவிலிருந்து கழற்றி, அந்த இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, அதற்கும் டைனமோ உடலுக்கும் நடுவில் மீட்டர் வையுங்கள். வேகத்தை மெல்லக் கூட்டினால் வோல்ட் ஒரே சீராக ஏற வேண்டும். 20ஐத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள், மேலே போனால் சுருள் கெடும். ஒன்றுமே காட்டாவிட்டால் கார்பன். அரை வோல்ட், ஒரு வோல்ட்டில் நின்றுவிட்டால் ஃபீல்டு காயில். நாலைந்தில் நின்றால் ஆர்மேச்சர், காயில் கட்டும் கடைக்குத்தான் போக வேண்டும். ஏறி இறங்கித் துள்ளினால் கார்பன் கூட்டுக்குள் சிக்கியிருக்கிறது.

ஈப்போ தேவி, வியாழன் காலை

அந்த முடிச்சுகளைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள் அண்ணே. எந்த முனையில் இருந்தது என்பதும் தெரிகிற மாதிரி.

கோண்டாவில்காரன், ஞாயிறு இரவு

மூன்று நாள் கொட்டிலிலேயே இருந்தேன், அதனால் எழுதவில்லை.

டைனமோ சோதனையில் 14 வரை ஏறி 6க்கு விழுந்து மீண்டும் ஏறியது. நீண்ட போல்ட் இரண்டையும் கழற்றிப் பின் மூடியை எடுத்தேன். ஒரு கார்பன் அதன் கூட்டில் கரிப்பசையோடு ஒட்டிப்போய் நின்றது. ஸ்பிரிங் அழுத்தியும் இறங்கவில்லை. கூட்டைப் பெற்றோல் துணியால் துடைத்து, கார்பனின் பக்கத்தை மெல்ல உரசிய பிறகு தன் பாரத்திலேயே வழுக்கி இறங்கியது. ஆர்மேச்சரின் செம்புத் துண்டுகள் தேய்ந்து, நடுவில் இருக்கும் மைக்கா அவற்றுக்குச் சமமாக வந்துவிட்டது. அதைத் தாழ்த்த என்ன கருவி என்று தெரியாமல் ஐயாவுக்குத் தனியாக எழுதிக் கேட்டேன்.

சிங்காநல்லூர் வயர்மேன், ஞாயிறு இரவு

மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன். ஹேக்சா பிளேடு ஒன்றை உடைத்து, பல்லின் இரண்டு பக்கத்தையும் கல்லில் தேய்த்து மைக்காவின் அகலத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு முனையில் துணி சுற்றினால் அதுதான் கைப்பிடி. ஒவ்வொரு மைக்காவையும் சுமார் 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்கு, செம்பைக் கீறாமல், நேராக இழுத்து அறுக்க வேண்டும். ஓரத்தில் மைக்கா மெல்லிய தோலாக நிற்கக் கூடாது. விரல் நகத்தை ஓட்டினால் தட்டாமல் போக வேண்டும். அவசரப்படாமல் செய்தால் ஒரு மணி நேர வேலை. பின்பக்கப் புஷ்ஷில் இன்ஜின் ஆயில் சில துளி விட மறக்காதீர்கள். அதிகம் விட்டால் கார்பனில் போய் விழும்.

கோண்டாவில்காரன், செவ்வாய் இரவு

டைனமோ பூட்டியாகிவிட்டது. சோதனையில் முள் ஒரு துள்ளலும் இல்லாமல் 20 வரை ஏறியது. கட்-அவுட் பாயின்ட்டைத் துடைத்த பிறகு டி, ஏ1 நடுவில் 0.2 வோல்ட்தான். ஏ, ஏ1 வயர்களைக் கழற்றி அவை இரண்டையும் ஒன்றாக இணைத்துவிட்டு ரெகுலேட்டரை அளந்தேன். 16.1 வோல்ட்.

சிங்காநல்லூர் வயர்மேன், செவ்வாய் இரவு

அந்த வகைக்கு அது சரியான அளவு. திருகைத் தொட வேண்டியதே இல்லை. மூடியைப் போட்டு மூடுங்கள்.

மயிலை மைனர், செவ்வாய் இரவு

வாழ்த்துகள். என் வண்டியிலிருந்து கழற்றிய சி40 டைனமோ நான்கு வருடமாகப் பெட்டியில் கிடக்கிறது. இந்த உரையாடலைப் படித்துவிட்டு இன்று அதைத் திறந்து பார்த்தேன். அதிலும் ஒரு கார்பன் கூட்டில் சிக்கித்தான் இருக்கிறது. சென்னைக்கு ஆல்டர்னேட்டர் வேண்டும் என்ற கருத்தில் மாற்றமில்லை. ஆனால் கெட்டுவிட்டது என்று நான் கழற்றிய பொருள் கெட்டதே இல்லை. உங்களுக்கு உதிரியாக வேண்டுமென்றால் சொல்லுங்கள், யாழ்ப்பாணம் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கோண்டாவில்காரன், சனி இரவு

மயிலை அண்ணா, மிகுந்த நன்றி. கட்டாயம் வாங்கிக்கொள்கிறேன்.

வயர் மாற்றும் வேலை பாதி முடிந்தது. டாஷ்போர்ட்டுக்குப் பின்னால் நான்கு முடிச்சு வயர் ஒன்று எங்கே போகிறது என்று பிடிபடவில்லை. கொட்டில் வாசலில் கதிரை போட்டு அம்மா உட்கார்ந்திருந்தார். நுனியைக் கொண்டுபோய்க் காட்டினேன். நூலை விரலால் தடவிப் பார்த்து, நான்கு முடிச்சு பெற்றோல் பம்ப் என்றார். ஒன்று பின் லைற், இரண்டு கோர்ன், மூன்று வைப்பர், ஐந்து சிக்னல் கை என்று வரிசையாகச் சொன்னார். அப்பா இரவில் வயர் இழுத்தபோது ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதும், நூலைக் கட்டிக் கொடுத்ததும் அம்மாதானாம். இத்தனை வருடம் நான் கேட்கவே இல்லை.

அவர் சொன்னபடி போய்ப் பார்த்தேன். இயந்திர அறைப் பின்சுவரில் இருக்கும் பம்பில்தான் நான்கு முடிச்சு நூல் கிடந்தது. அதன் முனையில் மூன்று இழையில் இரண்டு முறிந்திருந்தன. ஒன்றில்தான் ஓடியிருக்கிறது.

இப்போது ஒரே குறை சிக்னல் கைகள். வோல்ட் நன்றாக வருகிறது, இடது கை முழுதாக எழும்புகிறது. வலது கை முக்காலில் நின்றுவிடுகிறது.

சிங்காநல்லூர் வயர்மேன், சனி இரவு

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சிக்னல் கையைக் கையால் நெம்பி எடுக்க வேண்டாம். மூடியிருக்கும்போது உள்ளே ஒரு கொக்கி பிடித்திருக்கும், அது உடைந்துவிடும். சுவிட்சைப் போட்டுக் கை எழும்பியதும், படுக்கைவாட்டத்துக்கு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணையுங்கள். கை அப்படியே நிற்கும். தையல் மெஷின் எண்ணெயை ஒரு மெல்லிய தூரிகையில் தொட்டு, கையும் உள்ளே இருக்கும் இயக்கமும் சேரும் முளையில் ஒரே ஒரு துளி. அதிகமானால் தூசி பிடித்து மறுபடி சிக்கும்.

கோண்டாவில்காரன், அடுத்த புதன் இரவு

ஒரு துளி போதுமாக இருந்தது ஐயா. வலது கையும் முழுதாக எழும்புகிறது.

புதிய வயர்கள் நீங்கள் சொன்ன நிறத்தில் போட்டாயிற்று. நிறம் இருந்தாலும் ஒவ்வொரு நுனியிலும் அம்மா முடிச்சு நூல் கட்டித் தந்தார், முந்தைய எண்ணிக்கைப்படியே. ஹெட்லைற்றுக்கு தேவி சொன்னதுபோல் ரிலேயும் பியூஸும் போட்டேன்.

இன்று மாலை அம்மாவையும் மகளையும் ஏற்றிக்கொண்டு பருத்தித்துறை போய் வந்தேன். திரும்பும்போது இருட்டிவிட்டது. பெரிய லைற், வைப்பர் இரண்டும் போட்டு ஓடினேன். சார்ஜ் லைற் எரியவில்லை. சோக் குமிழ் குளிர்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து இயந்திரம் ஓடும்போதே அளந்தபோது பற்றரியில் 13.9 வோல்ட். ஒழுங்கைக்குத் திரும்பும் இடத்தில் அம்மா கையை நீட்டிச் சிக்னல் ஆளியைத் தானே திருப்பினார், தலையை வெளியே நீட்டி அது எழும்புகிறதா என்றும் பார்த்தார்.